பம்ப் கத்தும்போதும் கத்தாதபோதும்: டிரிப்ஸ், சிரிஞ்சு பம்ப் கோளாறுகளுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

சிரிஞ்சில் உள்ள மருந்தை மோட்டாரால் மெல்ல மெல்ல ரத்தக்குழாய்க்குள் தள்ளும் சிரிஞ்சு பம்ப், பெங்களூரில் இப்போது ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருக்கும் பொருள் அல்ல. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக் கட்டில், ஆக்ஸிஜன் மெஷின், பக்கத்தில் ஒரு பம்ப் என்று பார்க்கலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து வந்து இரவெல்லாம் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் அதன் கூக்குரல் பழகிப்போன ஒன்று. திரையில் இருப்பது ஆங்கிலம், நர்ஸ் பேசுவது கன்னடமோ மலையாளமோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிந்தது தமிழ். வீட்டு நர்ஸ்களுக்கும் அட்டெண்டர்களுக்கும் துணைக்கு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறோம். 'நர்ஸ் வேலை' என்று குறித்திருக்கும் இடங்களில் மற்றவர்கள் கைவைக்க வேண்டாம். மருந்தின் அளவையும் வேகத்தையும் மாற்றுவது டாக்டர் சொன்னால் மட்டுமே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பம்புக்குத் தெரிந்த விஷயங்கள் மூன்றுதான்: மோட்டார் சுழன்றதா, குழாயில் அழுத்தம் ஏறுகிறதா, குழாயில் காற்று இருக்கிறதா. அந்த மூன்றாவதும் பெரும்பாலான சிரிஞ்சு பம்புகளுக்குத் தெரியாது. உள்ளே இருப்பது என்ன மருந்து, அது ரத்தக்குழாய்க்குள் போகிறதா தோலுக்கடியில் தேங்குகிறதா, நோயாளியின் எடையைச் சரியாக அடித்தார்களா, இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே அலாரம் அடிக்கும் கோளாறு பாதி ஆபத்துதான். சத்தமில்லாமல் நடக்கும் கோளாறுதான் ஆளை அடிக்கும். இந்தக் குறிப்பின் பின்பாதி அதற்காகவே.

எந்த அறிகுறியானாலும் முதல் அரை நிமிடம்

பம்ப் கத்தியதும் எல்லாருடைய கண்ணும் திரைக்குப் போகும். திரை எங்கும் ஓடிவிடாது. முதலில் ஆளைப் பாருங்கள். முகம், மூச்சு, பேச்சு. அடுத்து ஊசி போட்ட கை. அங்கிருந்து குழாயை விரலால் தொட்டுக்கொண்டே பம்ப் வரைக்கும், பம்பிலிருந்து பாட்டில் வரைக்கும் போங்கள். கையில் தொடங்கிப் பாட்டிலில் முடிப்பதுதான் வரிசை. மேலிருந்து கீழே வருபவர்கள் முழங்கைக்கடியில் மடங்கிக் கிடக்கும் குழாயைக் கடைசியில்தான் கண்டுபிடிப்பார்கள்.

செய்யக்கூடாதவை மூன்று. ஒன்று, நோயாளிப் பக்கம் குழாயைக் கிளாம்ப் போட்டு மூடாமல் சிரிஞ்சைக் கழற்றவோ பம்பின் கதவைத் திறக்கவோ கூடாது. இரண்டு, சத்தத்தை அடக்கும் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்ப் படுக்கக் கூடாது. அது இரண்டொரு நிமிடம் வாயை மூடுமே தவிர, நின்றுபோன மருந்தை ஓட வைக்காது. மூன்று, குழாய் நோயாளியோடு சேர்ந்திருக்கும்போது 'பர்ஜ்' பொத்தானை அமுக்கக் கூடாது. குழாயை நிரப்புவதற்கான அந்தப் பொத்தான் மருந்தை வேகமாகத் தள்ளிவிடும்.

ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார் அட்ரினலின் போன்ற மருந்து ஓடிக்கொண்டிருந்தால் எந்த அலாரமும் அவசரம்தான். உடலில் அதன் ஆயுள் சில நிமிடங்களே. பம்ப் நின்ற சற்று நேரத்தில் பி.பி. சரியத் தொடங்கும். ஆராய்ச்சி செய்யாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் ஆளின் நிலை மோசமானால் 108.

வார்டில் மொழி தடுமாறினால் இரண்டு கன்னட வாக்கியம் போதும்: கை வீங்கியிருந்தால் "கை ஊதிகொண்டிதெ", வலி என்றால் "நோவு இதெ".

அறிகுறி: "அக்லூஷன்" என்று காட்டிப் பம்ப் நிற்கிறது

எங்கோ அடைப்பு, குழாயில் அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள். நடைமுறையில் அதிகம் அடிக்கும் அலாரம் இதுதான். காரணங்களை அடிக்கடி நடக்கும் வரிசையில் சொல்கிறோம்.

முழங்கை மடக்கில் ஊசி இருந்து, நோயாளி கையை மடக்கியிருப்பார். கையை நீட்டி அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். அடுத்தது த்ரீ வே, அதாவது குழாயின் நடுவே இருக்கும் மூன்று வழித் திருகு. அதன் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தால் எந்த வழி மூடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்; சிலவற்றில் கைப்பிடி மூடிய வழியைக் காட்டும், சிலவற்றில் திறந்த வழியை. பிறகு, ஊசி மாற்றியபோது போட்ட சிறு கிளாம்பைத் திறக்க மறந்திருப்பார்கள். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி இறக்கும்போது குழாய் அதில் நசுங்கியிருக்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பி.பி. பட்டையை அதே கையில் கட்டியிருந்தால், அது ஊதும் ஒவ்வொரு முறையும் ஓட்டம் நின்று அலாரம் வரும். கால் மணிக்கு ஒருமுறை மணி பார்த்ததுபோல் அலாரம் அடித்தால் பட்டையை மறுகைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இதிலெல்லாம் தப்பில்லை என்றால் ஊசியின் நுனியில் ரத்தம் உறைந்திருக்கலாம். இது நர்ஸ் வேலை. 10 மி.லி. சிரிஞ்சில் 0.9 சதவீத சலைன் எடுத்து, முதலில் மெல்லப் பின்னே இழுத்துப் பார்த்து, பிறகு மெல்லத் தள்ள வேண்டும். தடுத்தால் நிறுத்திவிட வேண்டும். 2 மி.லி. சிரிஞ்சால் குத்தித் தள்ளி அடைப்பை எடுப்பது பழைய கெட்ட பழக்கம். சிரிஞ்சு சிறியதாக ஆக, அதே கைவிசைக்கு அழுத்தம் கூடும், பி.ஐ.சி.சி. லைனோ (கை வழியாக நெஞ்சுவரை போகும் நீளக் குழாய்) கீமோ போர்ட்டோ (கீமோ மருந்துக்காகத் தோலுக்கடியில் பதித்த மூடி) என்றால் குழாயே கிழியலாம், உறைந்த கட்டி உள்ளே போகலாம்.

அடைப்பைக் கண்டுபிடித்தாயிற்று. உடனே திறந்துவிடலாமா? கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். அடைபட்டிருந்த நேரமெல்லாம் மோட்டார் தள்ளிக்கொண்டே இருந்தது. தள்ளிய மருந்து சிரிஞ்சின் ரப்பரிலும் குழாயின் நெகிழ்விலும் அழுத்தமாகத் தேங்கி நிற்கிறது. 50 மி.லி. சிரிஞ்சில் அது அரை மி.லி. இருக்கலாம், சில நேரம் 1 மி.லி.யையும் தாண்டலாம். கிளாம்பைத் திறந்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் நோயாளிக்குள் போகும்.

அந்த 1 மி.லி. என்ன செய்யும்? 4 மில்லிகிராம் நார் அட்ரினலினை 50 மி.லி.யாகக் கலந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 6 மைக்ரோகிராம், அதாவது மணிக்கு 4.5 மி.லி. ஆக, அந்த 1 மி.லி. என்பது 13 நிமிடத்துக்கான மருந்து. அது நொடியில் போனால் பி.பி. எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நர்ஸ் செய்ய வேண்டிய வரிசை: த்ரீ வேயை நோயாளிப் பக்கம் மூடு, வெளிப்பக்கம் திறந்து அழுத்தத்தை வெளியேற்று, அடைப்பை நீக்கு, த்ரீ வேயைச் சரிசெய்து பம்பைத் தொடங்கு. சில பம்புகள் அலாரம் வந்ததும் தாமாகவே பிஸ்டனைச் சற்றுப் பின்வாங்கி அழுத்தத்தைக் குறைக்கும். எல்லாமும் அப்படிச் செய்யாது.

அலாரம் எவ்வளவு தாமதமாக வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அலாரம் அடிக்கும் அழுத்தத்துக்கு ஏற 1 மி.லி. தேங்க வேண்டும் என்றால், மணிக்கு 10 மி.லி. வேகத்தில் 6 நிமிடத்தில் அலாரம் வரும். மணிக்கு 1 மி.லி. வேகத்தில் ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் திரையில் பச்சை விளக்கு எரியும், உடம்புக்குள் ஒரு சொட்டும் போயிருக்காது. மெதுவாக ஓடும் மருந்துக்கு 50 மி.லி. சிரிஞ்சைவிட 20 மி.லி. நல்லது, அலாரத்தின் அழுத்த அளவையும் தாழ்வாக வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். அடிக்கடி அலாரம் வருகிறதே என்று அந்த அளவை உச்சத்தில் ஏற்றி வைப்பது புகை வருகிறதென்று புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவதற்குச் சமம்.

பாட்டில் மாட்டும் பெரிய பம்பில் அடைப்பு மேல்பக்கமும் இருக்கலாம். ரோலர் கிளாம்ப் (குழாயை நசுக்கி ஓட்டத்தைக் குறைக்கும் சக்கரம்) திறக்காமல் இருக்கும், அல்லது கண்ணாடி பாட்டிலுக்குக் காற்று வழி திறந்திருக்காது. கண்ணாடியும் கெட்டி பிளாஸ்டிக்கும் சுருங்காது. உள்ளே காற்று போனால்தான் திரவம் வெளியே வரும். டிரிப் சேம்பர், அதாவது பாட்டிலுக்குக் கீழே சொட்டு விழும் சிறு குப்பியின் பக்கத்தில் இருக்கும் காற்று மூடியைத் திறங்கள். பாட்டிலின் அடியில் ஊசி குத்திக் காற்று விடும் வழக்கம் இன்னும் போகவில்லை. கிருமி உள்ளே போக அதைவிட நேர்வழி கிடையாது.

அறிகுறி: "ஏர் இன் லைன்"

குழாயில் காற்று இருக்கிறது என்று பொருள். பெரிய பம்பில் குழாய் செல்லும் பாதையில் ஒரு அல்ட்ராசவுண்ட் உணரி இருக்கும். குமிழி கடந்தால் நிறுத்திவிடும். பாட்டில் காலியாகிவிட்டதா, டிரிப் சேம்பர் வற்றிவிட்டதா என்று பாருங்கள். பாட்டில் ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்ததா? குளிர்ந்த திரவம் அறைச்சூட்டுக்கு வரும்போது கரைந்திருந்த காற்று பொடிக் குமிழிகளாகப் பிரியும்.

குமிழியே இல்லாமல் இந்த அலாரம் வந்தால் உணரி அழுக்கு, அல்லது குழாய் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. குழாயை மூடி, கதவைத் திறந்து, உணரியைக் கம்பெனி அனுமதித்த திரவத்தில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து உலரவிட்டு மறுபடி மாட்ட வேண்டும். ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. திரவம் உள்ளே இறங்கினால் போர்டு போய்விடும். டெக்ஸ்ட்ரோஸ் சிந்தியிருந்தால் காய்ந்த சர்க்கரைப் பாகு எல்லா அசையும் பாகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

குமிழி ஆளைக் கொல்லுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 3 மி.மீ. உள்விட்டமுள்ள சாதாரணக் குழாயில் 1 மி.லி. காற்று என்றால் 14 செ.மீ. நீளம். கடுகளவு குமிழிகள் பெரியவர்களின் கை ரத்தக்குழாயில் போனால் பொதுவாக ஒன்றும் ஆகாது. பச்சிளங்குழந்தைக்கும் இதயத்தில் ஓட்டை உள்ளவருக்கும் அந்தக் கணக்கு செல்லாது, சிறு குமிழியும் மூளைக்குப் போகலாம். கழுத்து லைன் (கழுத்தின் பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாய்) உள்ளவருக்கோ குழாய் கழன்றாலே காற்று உள்ளே இழுக்கப்படும். உடனே மூடி, ஆளைத் தட்டையாகப் படுக்க வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

குமிழியை எடுப்பது நர்ஸ் வேலை. நோயாளிப் பக்கம் மூடி, த்ரீ வே வழியாகச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அறிகுறி: சொட்டு எண்ணும் உணரி தப்பு காட்டுகிறது

"டிராப் எரர்" என்று வரும். டிரிப் சேம்பர் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை நிரம்பியிருக்க வேண்டும். அதற்கு மேல் நிரம்பினால் சொட்டு விழும் இடமே இருக்காது. உணரி திரவ மட்டத்துக்கு மேலே, சொட்டு முனைக்குக் கீழே இருக்க வேண்டும். சேம்பர் சாய்ந்திருந்தாலோ, சுவரில் நீர்த்துளி ஒட்டியிருந்தாலோ, ஜன்னல் வெயில் நேராக அடித்தாலோ குழம்பும். பம்ப் தள்ளுவதைவிட அதிகச் சொட்டு விழுவதாகக் காட்டினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். குழாய் பள்ளத்தில் உட்காராமல் திரவம் தானாக ஓடிக்கொண்டிருக்கலாம். உடனே ரோலரை மூடுங்கள்.

அறிகுறி: பேட்டரி

திரையில் காட்டும் பேட்டரிக் கோடுகளை நம்பாதீர்கள். கையேட்டில் 4 மணி நேரம் என்று போட்ட பம்ப், பேட்டரி கிழடு தட்டினால் 20 நிமிடத்தில் நிற்கும். நிற்பதற்கு ஒரு நிமிடம் முன்புவரை முழுக்கோடு காட்டும். வாடகைப் பம்ப் வீட்டுக்கு வந்த அன்றே சோதியுங்கள். நோயாளியோடு சேர்க்காமல், தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சோடு மணிக்கு 5 மி.லி. வேகத்தில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஓடவிட வேண்டும். கையேடு சொல்லும் நேரத்தில் பாதிகூட ஓடவில்லை என்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு 40 கி.மீ.தான். பெங்களூருக்குள் நுழையும்போது வரும் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அது எத்தனை மணி நேரம் என்று யாரும் சொல்ல முடியாது. பம்போடு ஆளை வண்டியில் கொண்டுவருவதானால், பயண நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஓடும் பேட்டரியும், முக்கியமான மருந்துக்கு மாற்றுப் பம்ப் ஒன்றும் வேண்டும்.

வீட்டில் மின்சாரம் இருந்தும் பேட்டரி அலாரம் வந்தால் பிளக் விளக்கு எரிகிறதா பாருங்கள். சுவிட்ச் அணைந்திருக்கும், அல்லது பின்பக்கம் வயர் தளர்ந்திருக்கும். மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக மாற்றும் அடாப்டர் வேண்டாம்; எர்த் போய்விடும்.

அறிகுறி: பம்ப் சிரிஞ்சை ஏற்க மறுக்கிறது, அல்லது தவறான அளவைக் காட்டுகிறது

ஏற்க மறுத்தால் பெரும்பாலும் சிரிஞ்சின் காது (விரல் பிடிக்கும் விளிம்பு) பள்ளத்தில் இல்லை, அல்லது பிஸ்டன் தலை பிடிக்குள் இல்லை. கழற்றி மாட்டினால் முடிந்தது.

ஏற்றுக்கொண்டு தவறாகப் புரிந்துகொள்வதுதான் தொல்லை. பம்ப் சிரிஞ்சின் பருமனை அளந்து 50 மி.லி. என்று ஊகிக்கும், கம்பெனியை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மோட்டார் தள்ளுவது தூரத்தை மட்டுமே. உள்விட்டம் 27 மி.மீ. என்று பம்ப் நினைத்திருக்க, மாட்டிய சிரிஞ்சு 28 மி.மீ. என்றால், ஒவ்வொரு மி.லி.க்கும் 7.5 சதவீதம் கூடுதலாகப் போகும். 29 என்றால் 15 சதவீதம். நல்ல நிலையில் உள்ள சிரிஞ்சு பம்ப் தவறுவது 2, 3 சதவீதம் மட்டுமே. அந்தத் துல்லியம் முழுதும் மெடிக்கல் ஷாப்பில் கிடைத்த வேறு கம்பெனி சிரிஞ்சினால் போய்விடும். ஒரு பெட்டியாக ஒரே கம்பெனியை வாங்கி வையுங்கள்.

இனி, சத்தம் போடாத கோளாறுகள்.

அறிகுறி: கை வீங்குகிறது, பம்ப் அமைதியாக இருக்கிறது

மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே போகிறது. தோலுக்கடியில் உள்ள திசு மெத்தென்று இடம் கொடுக்கும், ஆகவே அழுத்தம் ஏறாது, அலாரம் வராது. அக்லூஷன் அலாரத்தை நம்பி இதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீக்கம், இறுக்கம், தொட்டால் சில்லிப்பு, ஒட்டுக்கு ஓரத்தில் ஈரம். சிவந்து, சூடாக, கயிறுபோல் தடித்து ஓடினால் அது வேறு. ரத்தக்குழாய் புண்ணாகியிருக்கிறது, ஊசியின் இடத்தை மாற்ற வேண்டும். மயக்கத்தில் உள்ளவரும் குழந்தையும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். மணிக்கொரு முறை போர்வையை விலக்கிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வெள்ளை பாண்டேஜால் கையை முழுக்கச் சுற்றி மூடுவது பார்க்க அழகு, அவ்வளவுதான்.

பம்பை நிறுத்துங்கள். சாதாரண சலைன் என்றால் ஊசியை எடுத்துவிட்டுக் கையை உயர்த்தி வைத்தால் அடங்கும். நார் அட்ரினலின், கீமோ மருந்து, கால்சியம், பொட்டாசியம், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் போன்றவை சதையை அழிக்கும். அப்போது ஊசியை அவசரப்பட்டுப் பிடுங்கக் கூடாது, சலைனால் தள்ளவும் கூடாது. அதே ஊசி வழியாகத் தேங்கியதை நர்ஸ் உறிஞ்சி எடுப்பார், டாக்டர் மாற்று மருந்து கொடுப்பார். ஐஸ் வைப்பதா வெந்நீர் ஒத்தடமா என்பதும் மருந்தைப் பொறுத்தது. வின்கிரிஸ்டினுக்கு வெப்பம், டாக்ஸோரூபிசினுக்குக் குளிர். தெரியாமல் வீட்டு வைத்தியம் செய்ய வேண்டாம்.

அறிகுறி: சிரிஞ்சு சீக்கிரம் காலியாகிவிட்டது

இதில் பயப்பட வேண்டியது தானாக உறிஞ்சி ஓடுவது. பம்ப் நோயாளியைவிட உயரத்தில் இருந்து, பிஸ்டன் தலை பிடிக்குள் சரியாகச் சிக்காமல் இருந்தால், மருந்து தன் எடையாலேயே இறங்கும். சில நிமிடங்களில் முழுச் சிரிஞ்சும் உள்ளே போய்விடலாம். சிரிஞ்சில் விரிசலிருந்து காற்று புகுந்தாலும் இதேதான். பம்பைக் கம்பத்தின் உச்சியில் மாட்டாமல் நோயாளியின் நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். ஓடும் பம்பைத் திடீரென உயர்த்தவும் வேண்டாம்: 50 செ.மீ. உயர்த்தினால் குழாயில் சுமார் 37 மி.மீ. பாதரச அழுத்தம் கூடி ஒரு வீச்சு மருந்து போகும், தாழ்த்தினால் ரத்தம் பின்னே ஏறும்.

இரண்டாவது காரணம் விரல். 5.0 அடிப்பதற்கு 50, 10.5க்கு 105. அமெரிக்காவில் மருந்தையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005 முதல் 2009 வரை இன்ஃபியூஷன் பம்புகள் பற்றித் தனக்கு வந்த சுமார் 56,000 புகார்களைப் பார்த்துவிட்டு, 2010இல் பம்ப் கம்பெனிகளுக்குக் கடுமையான நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. அதில் கண்ட குறைகளில் ஒன்று, பொத்தானை ஒருமுறை அமுக்கினால் இருமுறை அமுக்கியதாக எடுத்துக்கொள்வது. பொத்தான் அட்டை தேய்ந்த வாடகைப் பம்பில் இது இன்றும் நடக்கலாம். ஒருவர் அடித்ததை இன்னொருவர் திரையிலிருந்து வாய்விட்டுப் படித்துச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். "மணிக்கு நாலு புள்ளி அஞ்சு மி.லி." என்று எண்ணோடு அலகையும் சேர்த்துப் படியுங்கள், மைக்ரோகிராமுக்குப் பதில் மில்லிகிராம் என்று இருந்தால் ஆயிரம் மடங்கு.

இந்த எல்லாவற்றுக்கும் ஒரே காவல், ஐந்து பைசா செலவில்லாதது: சிரிஞ்சின் மேலும் பாட்டிலின் மேலும் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டி, எத்தனை மணிக்கு மட்டம் எங்கே இருக்க வேண்டும் என்று பேனாவால் கோடு போடுவது. மணிக்கு 4.5 மி.லி. என்றால் 2 மணி நேரத்தில் 9 மி.லி. குறைந்திருக்க வேண்டும். பம்ப் திரை தான் தள்ளியதாக நினைப்பதைச் சொல்லும், பிளாஸ்டர் உண்மையில் போனதைச் சொல்லும்.

அறிகுறி: புதுச் சிரிஞ்சு மாட்டிய பிறகு மருந்து வேலையே செய்யவில்லை

பம்பின் தள்ளுகோலுக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். மெதுவான வேகத்தில் அதை எட்டவே பல நிமிடம் ஆகும். மாட்டிய பிறகு, நோயாளியோடு சேர்க்கும் முன், குழாய் நுனியில் சொட்டு வரும்வரை 'பர்ஜ்' செய்துவிட்டுப் பிறகு சேர்ப்பதுதான் முறை. குழாயின் கொள்ளளவும் கணக்கில் உண்டு. 150 செ.மீ. நீளம், 1 மி.மீ. உள்விட்டமுள்ள எக்ஸ்டென்ஷன் லைனில் 1.2 மி.லி. பிடிக்கும். சலைன் நிரம்பிய லைனில் மணிக்கு 1 மி.லி. வேகத்தில் மருந்தைத் தொடங்கினால், முதல் துளி உடம்பைத் தொட 70 நிமிடம். அதற்குள் வேலை செய்யவில்லை என்று வேகத்தைக் கூட்டினால், மருந்து வந்து சேரும்போது கூடுதலாக வந்து சேரும்.

அறிகுறி: பம்ப் இல்லாத டிரிப்ஸ் மெதுவாகிவிட்டது

செட்டின் உறையைப் பாருங்கள்; 1 மி.லி.க்கு 20 சொட்டு என்றோ 15 என்றோ 60 என்றோ போட்டிருக்கும். மணிக்கு ஓட வேண்டிய மி.லி.யைச் சொட்டு எண்ணால் பெருக்கி 60ஆல் வகுத்தால் நிமிடச் சொட்டு. 500 மி.லி. பாட்டில் 5 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 100. 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 33, 15 சொட்டு செட்டில் 25, 60 சொட்டு மைக்ரோ செட்டில் 100. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

ரோலர் நசுக்கிய பிளாஸ்டிக் மெல்ல மெல்ல வடிவம் மாறும். வைத்த வேகம் நிலைக்காது. கால் மணி கழித்து மறுபடி எண்ணுங்கள். ஆள் எழுந்து உட்கார்ந்தாலும், பாட்டில் வற்றி மட்டம் இறங்கினாலும் மாறும். எண் போட்ட டயலைத் திருகும் செட்டுக்கும் இதே விதிதான். டயலில் உள்ள எண் வெறும் உத்தேசம். பொட்டாசியம் கலந்த பாட்டிலை "சீக்கிரம் முடியட்டும்" என்று யாரும் திறந்துவிடக் கூடாது, இதயம் நின்றுவிடும்.

அறிகுறி: கீமோ பந்து பம்ப் சுருங்கவில்லை, அல்லது வேகமாகச் சுருங்கிவிட்டது

பெருங்குடல் புற்றுக்கு 5 எஃப்.யூ. மருந்தை 46 மணி நேரம் ஏற்ற, ஒரு ரப்பர் பந்தை இடுப்புப் பையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, அலாரமும் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்துவது குழாயின் நடுவிலோ முனையிலோ இருக்கும் ஒரு சின்ன நுண்துளைக் குழல். அது தோலின் வெப்பத்தில் சரியாக ஓடும்படி செய்யப்பட்டது. ஒரு டிகிரிக்குச் சுமார் 2, 3 சதவீதம் வேகம் மாறும். பெங்களூரின் ஜனவரி விடியலில் 15 டிகிரிவரை இறங்கும்; ஒட்டு கழன்று அந்தக் குழல் வெளியே தொங்கினால் வேகம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையும். தோலோடு மறுபடி ஒட்டுங்கள். கிளாம்ப் திறந்திருக்கிறதா, குழாய் பெல்ட்டுக்கடியில் மடங்கியிருக்கிறதா பாருங்கள். ஹீட்டர் பக்கத்திலோ ஃப்ரிட்ஜிலோ வைக்க வேண்டாம், தலைக்கு மேல் தொங்கவிடவும் வேண்டாம்.

பந்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம், முதல் நாள் குறைவது தெரியவே தெரியாது. சமையலறை எடைத் தராசு உதவும்: 1 மி.லி. ஏறக்குறைய 1 கிராம். குழாயைக் கழற்றாமல், பந்தை மட்டும் தராசில் வைத்துத் தொடக்கத்திலும், பிறகு 12 மணி நேரத்துக்கொரு முறையும் எடையைக் குறியுங்கள். மணிக்கு 5 மி.லி. பந்து 12 மணி நேரத்தில் 60 கிராம் குறைய வேண்டும்.

46 மணி நேரத்துக்கு வந்த பந்து 12 மணி நேரத்தில் சுருங்கிவிட்டால், ஆள் நன்றாக இருந்தாலும் உடனே கிளாம்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 5 எஃப்.யூ. கூடிப்போனதன் விளைவு சில நாள் கழித்தே வாய்ப்புண்ணாகவும் வயிற்றுப்போக்காகவும் ரத்த அணுக்கள் சரிவாகவும் தெரியும். கசிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பந்தையும் குழாயையும் வீட்டுக் குப்பையில் போடாமல் கீமோ கொடுத்த இடத்துக்கே திருப்பிக் கொடுங்கள். அது ஆஸ்பத்திரிக் கழிவுக்கான மஞ்சள் பைக்குப் போக வேண்டியது.

பம்பின் மேலேயே சந்தேகம் வந்தால்

நோயாளிக்கு மாற்று ஏற்பாடு ஆன பிறகு, சந்தேகப்பட்ட பம்பில் எதையும் மாற்றாதீர்கள். திரையைப் போட்டோ எடுங்கள். அடித்த வேகம், போனதாகக் காட்டும் அளவு, சிரிஞ்சில் உண்மையில் மீதம் இருப்பது, மணி, பம்பின் சீரியல் எண் எல்லாவற்றையும் குறியுங்கள். சிரிஞ்சையும் குழாயையும் கிளாம்ப் போட்டபடியே ஒரு கவரில் வையுங்கள். பாதிக் கோளாறுக்கு விடை அந்தக் கவரில்தான் இருக்கும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பம்பை மட்டும் கொடுத்தால், டெக்னீஷியன் மேசையில் அது சமர்த்தாக ஓடிக் காட்டும்.

கருவியால் தீங்கு நேர்ந்தால் தெரிவிக்க இந்தியாவில் 2015 ஜூலை முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்தியன் ஃபார்மகோபியா கமிஷன் அதை நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. நோயாளியும் குடும்பத்தாரும்கூடத் தெரிவிக்கலாம். சீரியல் எண்ணும் அந்தப் போட்டோவும் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.